மணி போகிறது, எடுக்கவில்லை

உ

வெள்ளகோவில்
20-6-1996

அன்புள்ள தம்பி கதிர்வேலுக்கு அக்கா புவனா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மச்சானும் சுகம். என் மாமியாருக்குத்தான் உடம்பு சரியில்லை. படுத்த இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை, கஞ்சி மட்டும் இறங்குகிறது. உன் சுகத்துக்கு எழுது.

நேற்று நீ போனில் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ அப்பளம் பொரிக்கிற மாதிரி ஒரே சரசரப்பு. கேட்டால் புதுப் போன் வாங்கி மாட்டியிருக்கிறேன் என்கிறாய். டெலிபோன் இலாகா கொடுத்த கறுப்புப் போனுக்கு என்ன கேடு வந்தது? அப்பா எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது அது. அது வந்த அன்று லைன்மேனுக்கு அப்பா வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தார். நீ ஊர் முழுக்க நம்பரைச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இப்போது அதைக் கழற்றி மேலே அட்டாலிப் பரணில் போட்டுவிட்டு எவனோ விற்ற சாமானை மாட்டி வைத்திருக்கிறாய்.

கல்யாணம் நிச்சயமானதில் இருந்து உனக்குக் கால் தரையில் இல்லை. அது இருக்கட்டும். என் மாமியாருக்கு ஒன்று ஆகிவிட்டால் முதலில் சேதி சொல்ல வேண்டியது என் பிறந்த வீட்டுக்கு. அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீ ஒருத்தன்தான். அன்றைக்கு இந்தச் சரசரப்பில் நான் கத்திக்கொண்டிருக்க முடியாது. பழைய போனையே மாட்டு கண்ணு. இதை எஸ்.டி.டி.யில் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய், மீட்டரும் ஓடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்புடன் அக்கா,
புவனா


பெரியநாயக்கன்பாளையம்
29-6-1996

அன்புள்ள அக்காவுக்குக் கதிர்வேல் வணக்கம். நான் சுகம். அத்தைக்கு உடம்பு தேவலை ஆயிற்றா? மச்சானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊரில் பாதி மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுக்கிறவன் நான். எனக்கு எந்தப் போன் நல்லது என்று உங்கள் வீட்டுத் தேங்காய்க் களத்தில் இருந்து பாடம் வருகிறது.

அது என்ன சாமான் என்று தெரிந்துகொள்ளுங்கள். துபாயில் இருந்து வந்த பார்ட்டி ஒருவர் கொடுத்தது. பெட்டியைப் பிளக்கில் சொருகிவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். கையில் எடுக்கிற போனுக்கு ஒயரே கிடையாது. இடுப்பில் மாட்டிக்கொண்டு கிணற்றடி வரை போய்ப் பேசலாம். இலாகா போனில் ஒரு நம்பர் சுற்றி முடிப்பதற்குள் விரல் வீங்கிவிடும். துடியலூரில் லோகப்பிரியா வீட்டுக்கும் இதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை கொடுத்தது என்று அவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். என் அக்காவுக்குத்தான் அப்பளம் பொரிகிறது.

இன்னொன்று. பழைய பழக்கத்தில் பக்கத்து வீட்டு வெங்கடபதி நம்பருக்குக் கூப்பிட்டு என்னைக் கேட்கிறீர்கள். சொந்தப் போன் இருக்கிறவனை அடுத்த வீட்டில் கூப்பிட்டால் எனக்குத்தான் கேவலம். இனி அங்கே கூப்பிட வேண்டாம். அத்தைக்கு ஏதாவது என்றால் ஒரு தடவை மணி அடித்தால் போதும். அடுத்த நிமிஷம் பைக்கை எடுத்துவிடுவேன்.

தையில் கல்யாணம். முதல் நாள் இணைச்சீர்ச் சடங்குக்கு மாப்பிள்ளையோடு நிற்க வேண்டியவர் கூடப் பிறந்த நீங்கள்தான். கூறைச்சேலையின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயும் இந்தப் போனைப் பற்றிப் பேசிவிடாதீர்கள்.

தம்பி,
கதிர்வேல்


பெரியநாயக்கன்பாளையம்
12-8-1996

அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுதுகிற நிலையில் நான் இல்லை. அத்தை மாசாணியம்மாள் தவறிப்போன சேதி எனக்கு உங்களிடம் இருந்து வரவில்லை. உங்கள் ஊரில் இருந்து மோட்டார் ஏற்றி வந்த வேன்காரன் சொல்லித் தெரிகிறது. “ஏனுங்க, உங்கக்கா மாமியாரை எடுத்தன்னிக்கு உங்களைக் காணமுங்களே, வெளியூருங்களா?” என்று என் ஆட்களுக்கு முன்னால் கேட்கிறான். ஆமாம் வெளியூர்தான் என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் அன்று முழுக்க எவன் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு போன் செய்ய உங்களுக்குக் கை வரவில்லை. உங்கள் புகுந்த வீடு பெரிய வீடு, தம்பி வந்து நின்று என்ன ஆகப்போகிறது என்று நினைத்துவிட்டீர்கள். சேதி சொல்லாத சாவுக்குப் போகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. அதனால் துக்கம் கேட்கவும் நான் வரமாட்டேன்.

கதிர்வேல்


வெள்ளகோவில்
17-8-1996

கதிர்வேலுக்கு,

கருமாதிக்கு வந்த ஆட்கள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏழாம் தேதி விடிந்து பால் கறக்கிற நேரத்தில் அத்தை உயிர் போயிற்று. உன் மச்சான் “தந்தி குடுத்தரலாமா?” என்று கேட்டார். “போனே இருக்குதுங்க, எதுக்குத் தந்தி” என்று சொன்னவள் நான். குளிப்பாட்டி முடித்து, உள்ளூர் ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, உன் நம்பரைச் சுற்றினேன். மணி போயிற்று. நீ எடுக்கவில்லை. பட்டறையில் இருப்பாய் என்று விட்டுவிட்டு மறுபடியும் சுற்றினேன். மணி போயிற்று. நானே கேட்டேன். உன் மச்சான் வாங்கிக் கேட்டார். கொழுந்தனாரும் கேட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. வெங்கடபதி நம்பர் என்னிடம் இல்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கே அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

என் ஓரகத்தியின் பிறந்த வீட்டார் காங்கேயத்தில் இருந்து வேன் வைத்து வந்து அத்தை மேல் கோடிச்சேலை போட்டார்கள். என் பக்கம் யாருமில்லை. “ஏம் அம்மணி, உங்க பொறந்தூட்டுக்காரங்க இன்னும் வரலியா? வெயிலுக்குள்ள எடுக்கோணுமே” என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “பஸ் கெடைச்சிருக்காதுங்க, வந்துருவாங்க” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை சொன்ன பிறகும் உள்ளே போய் நம்பரைச் சுற்றினேன். கடைசியில் உன் மச்சான் கடைக்கு ஆள் அனுப்பி ஒரு சேலை எடுத்து வரச்சொன்னார். பெற்ற தாய்க்கு, என் பிறந்த வீட்டுப் பேரில், அவரே கோடி போட்டார். அதை ஊரே பார்த்தது. அப்போது என் ஓரகத்தி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றில் இருந்து உன் மச்சான் என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறார். நீ என்னடா என்றால் கை வரவில்லையா என்று எனக்கு எழுதுகிறாய்.

புவனா


பெரியநாயக்கன்பாளையம்
24-8-1996

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நன்றாக ஜோடித்திருக்கிறீர்கள்.

ஏழாம் தேதி நான் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். அன்று எங்கள் பக்கம் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. பட்டறையில் ஒரு வேலை ஓடவில்லை. ஆட்களுக்கு லீவு விட்டுவிட்டு வீட்டிலேயே கிடந்தேன். போன் என் பக்கத்தில் இருந்தது. பேப்பரில் வரி விளம்பரம் வரை படித்து முடித்தேன். ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

நீங்கள் கூப்பிடவில்லை. மறந்திருப்பீர்கள், இல்லை வேறு யாருடைய நம்பரையாவது சுற்றியிருப்பீர்கள். மச்சான் கேட்டதும் மாட்டிக்கொண்டு, பழியை என் தலையில் போட்டுவிட்டீர்கள். சின்ன வயதில் இருந்தே உங்களுக்கு அது கைவந்த வேலை.

கதிர்வேல்


வெள்ளகோவில்
2-9-1996

கதிர்வேலுக்கு,

பொய் சொல்கிறவள் என்று எழுதிவிட்டாய். என் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் என்னை அந்த வார்த்தை சொன்னதில்லை. கூடப் பிறந்தவன் சொல்கிறாய்.

நீ ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நிச்சயத்தன்று என் மாமியார் லோகப்பிரியாவைப் பார்த்து “டவுன்ல படிச்ச புள்ளை, அடங்கி இருக்குமா?” என்று கேட்டது உன் நெஞ்சில் கிடந்தது. அப்போதே உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். சரி, செத்துப்போனவர் மேல் தீர்த்துக்கொண்டாய். மணி அடிக்க அடிக்கப் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

என் மாமியாருக்குக் கோடி போட வராதவன் கல்யாணத்தில் கூறைச்சேலையை நான் பிடிக்க மாட்டேன். இணைச்சீருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

புவனா காளிச்சாமி


பெரியநாயக்கன்பாளையம்
6-9-1996

திருமதி புவனா காளிச்சாமி அவர்களுக்கு,

பெரியப்பா மகள் ராசாத்தாள் அக்கா இருக்கிறார். அவரும் எனக்கு அக்காதான். அவரே நின்று இணைச்சீர் செய்வார். பத்திரிகை மட்டும் தபாலில் வரும்.

கதிர்வேல்


பெரியநாயக்கன்பாளையம்
21-10-1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் மச்சானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கிறது. உங்கள் பக்கம் மழை எப்படி? களத்தில் காயப்போட்ட தேங்காயெல்லாம் நனையாமல் தப்பித்ததா?

பட்டறையில் வேலை கொஞ்சம் மந்தம்தான். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். அட்டாலியைச் சுத்தம் செய்தபோது அந்தக் கறுப்புப் போன் கையில் கிடைத்தது. துடைத்து மாட்டியிருக்கிறேன். காரணம் ஒன்றும் இல்லை, சும்மாதான். அதன் மணிச் சத்தம் கிணற்றடி வரை கேட்கிறது. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தீபாவளிக்கு உங்களுக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொண்டால் நல்லது. ராசாத்தாள் அக்காவிடம் நான் இன்னும் ஒன்றும் பேசவில்லை.

தம்பி,
கதிர்வேல்


வெள்ளகோவில்
17-11-1996

கதிர்வேலுக்கு,

உன் கடிதம் வந்து தீபாவளியும் போய்விட்டது. நான் வரவில்லை என்பது உனக்கே தெரியும். மழையையும் கிணற்றையும் பற்றி எழுதுகிற ஆள் நீ இல்லையே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூப்பிடலாம் என்று எழுதியிருந்தாய். போனுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் வீட்டில் கரண்ட் போனால் லைட்டும் மோட்டாரும்தான் நிற்கும், போன் அது பாட்டுக்குப் பேசும். உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். பிளக்கில் சொருகினால் சிவப்பு விளக்கு எரியும் என்று ஜூனில் எழுதினாய். அத்தை போன அன்று காலையில் இருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை என்று ஆகஸ்டில் நீயே எழுதினாய். அந்தப் பெட்டி அன்று செத்துக் கிடந்திருக்கிறது. எனக்கு இங்கே மணி போவது கேட்டிருக்கிறது, உனக்கு அங்கே ஒன்றும் கேட்கவில்லை. அப்படித்தானே?

இது உனக்கு எப்போது தெரிந்தது? ஆமாம் இல்லை என்று ஒரு வரி எழுது. மழையைப் பற்றி எழுத வேண்டாம்.

புவனா


பெரியநாயக்கன்பாளையம்
28-11-1996

அன்புள்ள அக்காவுக்கு,

முடிந்துபோனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? எந்தச் சாமானுக்கும் ஒரு குணம் உண்டு. அந்தப் போன் நல்ல போன்தான். கரண்ட் இருக்கிற வரைக்கும் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நீங்களும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. அதோடு விட்டுவிடலாமே.

துடியலூர் மாமாவுக்கும் இதே கதை நடந்தது. செப்டம்பர் பராமரிப்பு நாளில் கல்யாண மண்டபம் சம்பந்தமாக நாள் முழுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, சாயங்காலம் பஸ் ஏறி நேரில் வந்து, “ஏனுங் மாப்ள, எங்க போனை எடுக்கறதுக்குக்கூட இஷ்டமில்லீங்களா?” என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். கரண்ட் இல்லாவிட்டால் பெட்டி அடிக்காது என்று அங்கேயே எடுத்துச் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டு காப்பி குடித்துவிட்டுப் போனார். உங்களைப் போல மாதக்கணக்கில் இழுக்கவில்லை.

முகூர்த்தம் ஜனவரி இருபது, திங்கட்கிழமை. ஞாயிறு சாயங்காலம் இணைச்சீர். வந்துவிடுங்கள்.

தம்பி,
கதிர்வேல்


வெள்ளகோவில்
9-12-1996

கதிர்வேலுக்கு,

செப்டம்பரில் உனக்குத் தெரிந்திருக்கிறது. பெண் கொடுக்கிறவர் வாசலில் நின்று சத்தம் போட்டதும், அந்த நிமிஷமே, காப்பி கொடுத்துச் சொல்லியிருக்கிறாய். அவர் கோபம் அன்றைக்கே ஆற வேண்டியது. அக்காவின் கோபம் காயட்டும் என்று விட்டுவிட்டாய். பொய் சொல்கிறவள் என்று எனக்கு எழுதிய கையால் உனக்கு இதை எழுத வரவில்லை. மழை எழுத வந்திருக்கிறது, தேங்காய் எழுத வந்திருக்கிறது.

எதற்குப் பயந்தாய் என்றும் எனக்குத் தெரியும். காயில் கட்டுகிறவனுக்குக் கரண்ட் இல்லாமல் போன் அடிக்காது என்று தெரியவில்லையா என்று எங்கள் வீட்டார் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, என்னை இங்கே தலைகுனிந்து சோறு பரிமாற விட்டாய். என் கொழுந்தனார் இன்றைக்கும் உன் பேரை எடுத்தால் “அவருங்களா, போனை எடுக்காதவரு” என்கிறார். உன் மச்சான் அதைத் தடுப்பதில்லை.

கோடியைத் திரும்பப் போட முடியாது. கருமாதி முடிந்த வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்யாண மாப்பிள்ளை அதைத் தொடவும் கூடாது. அதை நான் கேட்கவில்லை. மாடுகளுக்கு வைக்கிற பட்டிப் பொங்கலுக்கு இங்கே எல்லோரும் கூடுவார்கள். அன்று மத்தியானம் போன் செய். என்னிடம் சொல்ல வேண்டாம், இவர்களிடம் சொல். துடியலூர்க்காரருக்குச் சொன்ன அதே வார்த்தையைச் சொல்.

சொன்னால் இணைச்சீருக்கு நான் நிற்பேன். இல்லையென்றால் ராசாத்தாளே நிற்கட்டும். இதற்குப் பதில் கடிதம் எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

புவனா


வெள்ளகோவில்
16-1-1997

கதிர்வேலுக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று நேற்று போனில் கேட்டவர்கள் சொன்னார்கள்.

நேற்று மாடுகளுக்குப் பொங்கல் வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தபோது உன் போன் வந்தது. கொழுந்தனார் எடுத்தார். நீ சொன்னதை அவர் எங்களுக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். “கரண்ட் இல்லீனா அது அடிக்காதுங்க. எங்கக்கா கூப்பிட்டது நெசமுங்க. காயில் கட்டற எனக்கே அது தெரியாமப் போயிருச்சுங்க. தெரிஞ்ச பொறகும் நான் சொல்லலீங்க.” கடைசி வார்த்தையை நான் உன்னிடம் கேட்கவில்லை. நீயாகவே சொன்னாய். அதைத் திருப்பிச் சொல்லும்போது கொழுந்தனாருக்கே குரல் இறங்கிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் என் ஓரகத்திதான் கேட்டாள்: “அப்ப அன்னிக்கு நீங்க காதுல வெச்சுட்டு நின்னீங்களே அக்கா, அந்த மணி அங்க அடிக்கவே இல்லீங்களா?” இல்லை என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை போன அன்று நான் அழுததைவிட நேற்று அதிகமாக அழுதேன். உன் மச்சான் எழுந்து மாட்டுப் பக்கம் போனார். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே, “ஞாயித்துக்கெழமை எந்த பஸ்ஸுக்குப் போகோணும்?” என்று என்னைக் கேட்டார். ஆகஸ்டுக்குப் பிறகு அவராகவே என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்காவைக் கொஞ்சம் கூப்பிடுங்கள் என்று நீ கேட்டாயாம். அடுப்படியில் கை வேலையாக இருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன். எனக்கு வேலை ஒன்றும் இல்லை. போனுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இருக்கிறவர்கள் எடுக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று உனக்கும் ஒரு தடவை தெரியட்டும்.

ஞாயிறு மத்தியானம் வருகிறோம். இணைச்சீருக்கு நான் நிற்பேன், ராசாத்தாளைக் கூப்பிட வேண்டாம். கூறைச்சேலையை விடாமல் பிடிப்பேன். உன்னோடு முகம் கொடுத்துப் பேசுவேனா என்பது அன்று என் மனசைப் பொறுத்தது.

ஒன்று மட்டும் செய். துடியலூர் வீட்டில் நீ வாங்கிக் கொடுத்த அந்தப் போன் இன்னும் பிளக்கில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். முகூர்த்தத்துக்கு முன்னால் நீயே போய் அதைக் கழற்றிவிட்டு, அவர்களுடைய பழைய போனை மாட்டிக் கொடு. திங்கட்கிழமைக்குப் பிறகு லோகப்பிரியாவுக்கு அது பிறந்த வீடு. அவளும் ஒருநாள் அங்கே கூப்பிடுவாள்.

இப்படிக்கு,
அக்கா